ஆடத் தெரியாதவனுக்கு அங்கே என்ன வேலை?

"ஸ்டுட்கார்ட் போயிட்டு வந்தேன்" என்று சொன்னால் நம்ம டிபார்ட்மென்ட் பசங்க கேட்கிற முதல் கேள்வி, "பென்ஸ் மியூசியம் பார்த்தியா?" இல்லை. "போர்ஷே மியூசியமாவது?" அதுவும் இல்லை. மெக்கானிக்கல் படிக்கிற ஒருத்தன், ரெண்டு கார் மியூசியமும் இருக்கிற ஊருக்கு ஒரு முழு நாள் செலவழிச்சுப் போய், ரெண்டையும் பார்க்காமல் பாலே பார்த்துவிட்டு வந்ததை ஹாஸ்டலில் இன்னும் யாரும் ஜீரணிக்கவில்லை. "பாலேன்னா... விரல் நுனியில நிப்பாங்களே, அதா?" ஆமாம், அதேதான். "நீ ஆடுவியா?" மாட்டேன். "அப்புறம் உனக்கு அங்க என்னடா வேலை?"

அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. ரூம்ல சொல்ல ஆரம்பிச்சா பாதியில யாராவது மெஸ்ஸுக்குக் கிளம்பிடறாங்க, அதனால எழுதறேன். (நான் எல்கேஜியில இருந்தே இங்கிலீஷ் மீடியம். ஒற்று எங்கே வரும்னு எனக்குச் சத்தியமா தெரியாது. எடிட்டர் டீம் மன்னிக்கவும்.)

எங்கே ஆரம்பிச்சதுன்னு முதல்ல சொல்லிடறேன். அக்கா என்னைவிட நாலு வயசு மூத்தவ. ஏழு வயசுல பரதநாட்டியம் சேர்ந்தா. வாரத்துக்கு மூணு சாயங்காலம் அம்மா அவளை டீச்சர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. என்னைத் தனியா விட முடியாதுன்னு என்னையும் இழுத்துட்டுப் போவாங்க. கூடத்துல கிளாஸ் நடக்கும். வாசப்படி ஓரமா நான், பிஸ்கட் பாக்கெட்டோட. டீச்சர் தட்டுக்கழியால மனையில தட்டுற சத்தம்தான் என் சின்ன வயசோட பேக்ரவுண்ட் மியூசிக். ஒன்பது வருஷம் அப்படி உட்கார்ந்திருக்கேன். ஒரு அடவுகூடப் போட்டதில்லை. ஆனா யாருக்கு அரைமண்டி ஒழுங்கா உட்காருது, யார் களைச்சுப் போனதும் மெதுவா முட்டியை நிமிர்த்தி ஏமாத்தறாங்கன்னு வாசல்ல இருந்தே கண்டுபிடிச்சிடுவேன்.

அக்கா பத்தாவது முடிச்ச லீவுல அரங்கேற்றம். ஹால் வாடகை, பக்கவாத்தியம், மேக்கப், சாப்பாடு, ஆல்பம்னு அப்பா லோன் போட்டார். அடுத்த மாசம் பிளஸ் ஒன் டியூஷன் ஆரம்பிச்சது. சலங்கை பரணுக்குப் போச்சு, இன்னும் அங்கேயேதான் இருக்கு. உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ இதே கதை இருக்கும், பேர் மட்டும் மாறும்: கீபோர்டு, வீணை, மிருதங்கம். எனக்கு வித்தியாசமா பட்டது வேற ஒண்ணு. ஆடறதை நிறுத்தின அக்கா, பார்க்கறதையும் நிறுத்திட்டா. "வா, ஒரு புரோகிராம் போலாம்"னு கூப்பிட்டா, "நான்தான் விட்டுட்டேனேடா"ன்னு சொல்லுவா. என்னமோ பார்க்கறதுக்கும் லைசென்ஸ் வேணுங்கிற மாதிரி.

பாலே எனக்கு வந்தது செகண்ட் இயர்ல, யூடியூப் வழியா. 'வேர்ல்ட் பாலே டே'ன்னு வருஷத்துக்கு ஒரு நாள், உலகத்தோட பெரிய பாலே கம்பெனிகள் தங்களோட காலைப் பயிற்சியை லைவா காட்டுவாங்க. 2014ல ஆரம்பிச்சது. ஒரு மாடல் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி தெரியாத்தனமா அதுல கிளிக் பண்ணிட்டேன். மேக்கப் இல்லை, பளபளப்பு இல்லை. பழைய ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஒரு கம்பியைப் பிடிச்சு நின்னு, முட்டியை ரெண்டு பக்கமும் திறந்து இறங்கறாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்ம அரைமண்டி! ஆனா ஒரு நிமிஷத்துல வித்தியாசம் புரிஞ்சுது. அக்கா அந்த நிலையில இறங்கினா அங்கேயே குடியிருப்பா, ஆட்டமே அங்கதான் நடக்கும். இவங்க அங்க இறங்கறதே மேல கிளம்பறதுக்குத்தான். மறுநாள் மாடல் எக்ஸாம் எப்படிப் போச்சுன்னு கேட்காதீங்க.

இந்த ரெண்டு நாட்டியத்துக்கும் நடுவுல ஒரு நிஜமான பாலம் இருக்குன்னு அப்புறம்தான் படிச்சேன். 1928ல ரஷ்ய பாலே நாட்டியக்காரர் அன்னா பாவ்லோவா பம்பாய் வந்தப்போ, அவங்க ஆட்டத்தைப் பார்த்தவங்கள்ல ஒருத்தர் ருக்மிணி தேவி அருண்டேல். அதுக்கப்புறம் பாவ்லோவா கம்பெனியைச் சேர்ந்த கிளியோ நோர்டிகிட்ட அவர் பாலேவே கத்துக்கிட்டார். உங்க நாட்டுக் கலையைத் தேடிப் பாருன்னு சொன்னதும் பாவ்லோவாதான். 1935ல அடையாறுல முதல் பரதநாட்டிய மேடை, 1936ல கலாக்ஷேத்ரா. (யாருடைய கலையை யார் எடுத்துக்கிட்டாங்கன்னு அந்தக் கதைக்குள்ள ஒரு நியாயமான சண்டையும் இருக்கு. அது தனிக் கட்டுரை.) நான் கவனிச்சது இவ்வளவுதான்: அவர் கத்துக்கிட்டது, ஆடினது, பள்ளி ஆரம்பிச்சது எல்லாத்துக்கும் முன்னாடி, ஒரு சாயங்காலம் டிக்கெட்டோட உட்கார்ந்து பார்த்திருக்கார்.

சரி, பயணத்துக்கு வர்றேன். தேர்ட் இயர் முடிஞ்சதும் ஸ்காலர்ஷிப்ல ரெண்டு மாசம் ஜெர்மனியில கைசர்ஸ்லௌடர்ன்ங்கிற ஊர்ல இன்டர்ன்ஷிப். போய் இறங்கின வாரமே நான் தேடினது ஸ்டுட்கார்ட் பாலேவோட அட்டவணை. ஜூலை மாசம் ஒரு சனிக்கிழமை, 'ஒனேகின்'. மேல் அடுக்குல ஓரமா, மேடையோட ஒரு மூலை மறையும்னு எச்சரிச்சே விற்கிற சீட்டு. விலை ரெண்டு நாள் மதியச் சாப்பாட்டுக் காசு. வாங்கிட்டேன்.

ஏன் ஸ்டுட்கார்ட்? பாரிஸ், மாஸ்கோன்னு சொன்னா உங்களுக்கு பாலே ஞாபகம் வரும், ஸ்டுட்கார்ட்னா பிஸ்டன்தான் ஞாபகம் வரும். அறுபதுகள் வரைக்கும் உலகமும் அப்படித்தான் நினைச்சிருக்கு. 1961ல தென்னாப்பிரிக்காவுல பிறந்த ஜான் க்ராங்கோங்கிறவர் லண்டன்ல இருந்து இங்க வந்து பொறுப்பேற்றார். பிரேசில்ல இருந்து மார்சியா ஹைடே, அமெரிக்காவுல இருந்து ரிச்சர்ட் க்ராகன், டென்மார்க்ல இருந்து ஈகோன் மாட்சென்னு ஆள் சேர்த்தார். 1965ல புஷ்கினோட கவிதை நாவலை எடுத்து 'ஒனேகின்' பண்ணினார். 1969ல நியூயார்க் போய் ஆடினப்போ அங்கே இருந்தவங்க இதை 'ஸ்டுட்கார்ட் அதிசயம்'னே சொன்னாங்க. 1973ல அமெரிக்கப் பயணம் முடிஞ்சு திரும்பும்போது விமானத்துலயே இறந்துட்டார். வயசு 45. எட்டுக் கோச் வச்சு பிளேஸ்மென்ட் டிரெய்னிங் பண்ற நம்ம காலேஜ்ல, பன்னிரண்டு வருஷத்துல ஒரு ஊரோட பேரையே ஒருத்தர் மாத்தின கதையை யாராவது ஒரு செஷன் எடுக்கலாம்.

மாசச் சீட்டு ஒண்ணு வாங்கினா ஜெர்மனி முழுக்கப் போகலாம், ஆனா வேக ரயில்ல ஏறக் கூடாது. அதனால நாய்ஸ்டாட் வரை ஒரு வண்டி, அங்க மாறி கார்ல்ஸ்ரூஹே, அங்க மாறி ஸ்டுட்கார்ட். ஏழு மணி ஆட்டத்துக்கு காலையிலேயே கிளம்பிட்டேன். டப்பாவுல லெமன் சாதம். பையில என்கிட்ட இருந்த ஒரே ஃபார்மல் சட்டை, பிளேஸ்மென்ட் இன்டர்வியூக்குன்னு அம்மா வாங்கிக் கொடுத்தது. ஸ்டுட்கார்ட் ஸ்டேஷனை வருஷக்கணக்கா தோண்டிக்கிட்டே இருக்காங்க; பிளாட்பாரத்துல இருந்து வெளியே வரவே தனியா ஒரு யாத்திரை. வெளியே வந்தா பூங்கா, பூங்காவுக்குள்ள ஒரு குளம், குளத்துக்கு எதிரே 1912ல கட்டின ஓபரா ஹவுஸ். போர்ல ஊரே நொறுங்கினப்போ தப்பிச்ச கட்டடம். மணி ஒண்ணரை. பென்ஸ் மியூசியம் போயிட்டு வர நேரம் இருந்தது, ஒத்துக்கறேன். ஆனா வழியில எங்கேயாவது மாட்டிக்கிட்டு ஆட்டத்தைத் தவற விட்டுடுவேனோன்னு பயந்து, அஞ்சு மணி நேரம் அந்தக் குளத்தங்கரையில வாத்துகளைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே பக்கத்து சீட்ல எழுபது வயசுக்கு மேல ஒரு பாட்டி. இங்கிலீஷ் பேசினாங்க. "நீ நாட்டியம் கத்துக்கிறியா?" "இல்லை, இன்ஜினியரிங்." "நானும் ஆடினதில்லை. நர்ஸா இருந்தேன்." மார்சியா ஹைடே ஆடின காலத்துல இருந்து இதே நாடகத்தைப் பார்க்கறாங்களாம். எத்தனை தடவைன்னு கேட்டேன். எண்ணறதை விட்டுட்டேன்னாங்க.

கதை நமக்குப் புதுசு இல்லை. கிராமத்துல புத்தகமும் கையுமா இருக்கிற ததியானா, நகரத்துல இருந்து வந்த ஒனேகின்மேல ஆசைப்பட்டுக் கடிதம் எழுதறா. அவன் அவ பிறந்த நாள் அன்னிக்கே அவ கண்ணெதிரே அதைக் கிழிச்சிடறான். சும்மா அவ தங்கச்சி ஓல்காவோட விளையாட்டுக் காட்டப் போக, ஓல்காவைக் காதலிக்கிற அவனோட நண்பன் லென்ஸ்கி சண்டைக்குக் கூப்பிட்டுச் சாகறான். வருஷங்கள் கழிச்சு ததியானா வேற ஒருத்தரோட மனைவி. இப்போ கடிதம் எழுதறது ஒனேகின், கிழிக்கறது அவ. அவ்வளவுதான். ஒரு வசனம் கிடையாது. சைகோவ்ஸ்கியோட இசை மட்டும், அதுவும் இதே கதைக்கு அவர் எழுதின ஓபராவுல இருந்து ஒரு சுரம்கூட எடுக்காம, அவரோட மத்த படைப்புகள்ல இருந்து கோர்த்தது.

இந்த ஆட்டத்தோட துண்டுகளை நான் வீடியோவுல நூறு தடவை பார்த்திருப்பேன். நேர்ல முதல்ல என்னைத் தாக்கினது சத்தம். வீடியோவுல பாலே மேகம் மாதிரி மிதக்கும். இங்கே மேல் அடுக்கு வரைக்கும் டொக் டொக்னு கேட்குது. அந்த ஷூ முனைக்குள்ள இரும்பும் இல்லை, மரமும் இல்லை. துணியும் காகிதமும் பசை போட்டு அடுக்கடுக்கா ஒட்டி இறுக வச்சது, அவ்வளவுதான். புதுசுல சத்தம் போடும்னு மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி தரையில அடிச்சு இளக்குவாங்க. அப்படியும் கேட்கும். ஒரு பெரிய ரோல் ஆடி முடிக்கறதுக்குள்ள வியர்வையில பசை இளகி ஷூ ஒரே ராத்திரியில செத்துடும். மெட்டீரியல்ஸ் லேப்ல ஃபெட்டீக் டெஸ்ட் பண்ணிட்டு ரெக்கார்ட் நோட்டை ஒப்பேத்தற நமக்கு, இது ஒரு யூனிட்டாவே வச்சிருக்கலாம்.

முதல் அங்கத்துல ஒரு இடம். ஜோடி ஜோடியா மேடையோட ஒரு மூலையில இருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே பாஞ்சு போறாங்க. ஒவ்வொரு தாவலுக்கும் பெண்ணோட கால் இன்னும் நீளமா திறக்குது. போனவங்க மறுபடியும் வந்து மறுபடியும் பாயறாங்க. எனக்கு அந்த மூலை தெரியாது. அதனால என் கண்ணுக்கு அவங்க ஒண்ணுமே இல்லாத இடத்துல இருந்து முளைச்சு வந்தாங்க. மொத்த அரங்கமும் கைதட்டுச்சு. நான் தட்டவே மறந்துட்டேன்.

ரெண்டாவது அங்கம்தான் எனக்கு முக்கியம். பிறந்த நாள் விருந்துல ததியானா, அவன் ஒரு தடவையாவது பார்க்க மாட்டானான்னு தனியா ஆடறா. ஒனேகின் மேஜையில உட்கார்ந்து சீட்டு அடுக்கிட்டு இருக்கான். வீடியோவுல இந்த இடத்துல கேமரா அவளோடயே ஓடும், அவன் கை ஒரு செகண்ட் வரும், போயிடும். அன்னிக்கு நான் என் இஷ்டத்துக்கு அவனையே பார்த்தேன். அவ்வளவு நேரமும் அந்தச் சீட்டுகள். அவ காற்றை வெட்டிச் சுத்தும்போது அவன் ஒரு சீட்டைத் தூக்கி எங்கே வைக்கலாம்னு யோசிக்கறான். அவ ஆட்டத்தை நான் பார்க்கவே இல்லை, ஆனா அவளுக்காக எனக்குக் கோபம் வந்துடுச்சு. எங்கே பார்க்கணும்னு எனக்காக வேற ஒருத்தர் முடிவு பண்ணாம இருந்தது அன்னிக்குத்தான். ஃபோன்ல வளர்ந்த நமக்கு இது எவ்வளவு அபூர்வம்னு யோசிச்சுப் பாருங்க.

இடைவேளையில பாட்டி கேட்டாங்க, "உனக்கு மூலை தெரியலைல்ல?" கடைசி அங்கத்துக்கு என்னைத் தன் சீட்டுக்கு மாறி உட்காரச் சொன்னாங்க. மாட்டேன்னேன். "எனக்கு அங்கே என்ன நடக்கும்னு தெரியும்"னாங்க. மாறிட்டேன். கடைசியில ததியானா அழுதுக்கிட்டே கடிதத்தைக் கிழிச்சு அவனை வெளியே போன்னு கையைக் காட்டி, அவன் ஓடினதும் நடு மேடையில தனியா நிக்கறா. திரை விழுந்ததும் பாட்டி பக்கம் திரும்பினேன். கண்ணைத் துடைச்சுட்டு, "இந்தப் பொண்ணு சீக்கிரமா கிழிச்சிடறா. இன்னும் கொஞ்சம் பயப்படணும்"னாங்க. மயிலாப்பூர் சபாவுல முன் வரிசையில தொடையில தாளம் போட்டுக்கிட்டு, "போன வருஷ தோடி இதைவிட நல்லா இருந்தது"ன்னு சொல்ற தாத்தாவை எனக்கு ஞாபகம் வந்துச்சு. அதே ஜாதி. ஊர்தான் வேற.

அந்த அரங்கத்துக்கு நகரமும் மாநிலமும் பாதிப் பாதி பணம் போடுறாங்க. அதனாலதான் என் மாதிரி ஆளுக்கு அந்த விலையில சீட்டு. ஜூலையில ஒரு நாள் உள்ளே நடக்கறதை வெளியே பூங்காவுல பெரிய திரை வச்சு இலவசமாவே காட்டுவாங்களாம், ஜனங்க பாயும் கூடையுமா வந்து புல்லுல உட்கார்ந்து பார்ப்பாங்களாம். இதைச் சொல்றப்போவே நீங்க என்ன கேட்கப் போறீங்கன்னு தெரியும். "ஸ்காலர்ஷிப், யூரோ, உனக்கு வாய்ச்சது. எங்களுக்கு?" நியாயமான கேள்விதான். என் பதில் எனக்கே அசிங்கம். நம்ம காலேஜ் இருக்கறது ஆரணி, செய்யாறுப் பக்கம், அதாவது தெருக்கூத்தோட சொந்த ஊர்லயே. கோடையில திரௌபதி அம்மன் திருவிழா வந்தா ராத்திரி பூரா கூத்து. ஊரே காசு போட்டு நடத்துது, பார்க்கறவனுக்கு டிக்கெட் கிடையாது. காலேஜ் பஸ் போற ரூட்லயே போஸ்டர் ஒட்டியிருக்கும். மூணு வருஷம் அந்தப் போஸ்டரைத் தாண்டிப் போயிருக்கேன். மூணு ரயில் மாறி ஒனேகினைப் பார்க்கப் போனவன், பஸ் ரூட்ல இருந்த துரியோதனனைப் பார்க்கலை. இந்தக் கட்டுரையில என் கட்சி எங்கேயாவது பலவீனமா இருந்தா அது இந்த இடத்துலதான், அதனால நானே சொல்லிடறேன்.

ஆனா கட்சி இதுதான். நம்ம வளர்ப்புல கலைங்கிறது ஏதாவது 'பண்ற' விஷயம். சேரு, கிரேடு எக்ஸாம் எழுது, சர்டிபிகேட் வாங்கு, பத்தாவதுல நிறுத்து. ஆயிரக்கணக்குல பாதி நாட்டியக்காரங்களையும் முக்கால் கீபோர்டு வாசிப்பவர்களையும் தயார் பண்றோம். பார்க்கவும் கேட்கவும் ஒருத்தரையும் தயார் பண்றதில்லை. நம்ம கல்ச்சுரல்ஸையே எடுத்துக்கோங்க. எல்லா கிளப்பும் மேடை ஏறும். தன் ஐட்டம் முடிஞ்சதும் டீம் மொத்தமும் போட்டோ எடுக்க வெளியே போயிடும். கடைசி ஐட்டம் ஆடறவங்க காலி நாற்காலிக்கும் ஜட்ஜுக்கும் ஆடுவாங்க. போன வருஷம் கடைசியா வந்த ஜூனியர் பொண்ணு ஒருத்தி பதினோரு பேருக்கு முன்னாடி ஆடினா. எண்ணினேன், பதினோராவது நான். நல்லா ஆடினா.

பாட்டிகிட்ட சரியா விடை சொல்லிட்டுக்கூட வரலை. மேடையில திரும்பத் திரும்ப வந்து வணங்கிட்டு இருந்தாங்க, கைதட்டல் ஓயவே இல்லை, வண்டி ஒன்பதே முக்காலுக்கு மேல. ஓடி வந்தா வெளியே வானம் இன்னும் வெளிச்சமா இருக்கு, கோடையில அங்க அப்படித்தான். வண்டியைப் பிடிச்சேன். அது லேட்டாகி கார்ல்ஸ்ரூஹேயில அடுத்த வண்டி போயிடுச்சு. விடியக்காலை வரைக்கும் பிளாட்பாரம். பிளேஸ்மென்ட் சட்டை கசங்கி, டப்பாவுல லெமன் சாத வாசனை மட்டும் மிச்சம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு அக்காவுக்கு கால் பண்ணினேன். அங்கே அஞ்சரை, ஆபீஸ் கேபுக்குக் கிளம்பிட்டு இருந்தா. என்னடா ஆச்சுன்னு பதறினா. ஒண்ணும் இல்லை, சீட்டாட்டம் ஆடற ஒருத்தன் முன்னாடி ஒரு பொண்ணு ஆடினதைச் சொல்லணும்னேன். முழுசா சொன்னேன். கேப் வந்துடுச்சுன்னா, ஆனா வைக்கலை. கேப்ல ஏறியும் கேட்டுட்டே வந்தா. அப்புறம், "அவ கை எப்படி வச்சிருந்தா, கடைசியில போன்னு சொல்றப்போ?"ன்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியலை. வீடியோ கால் போட்டு, தூங்கிட்டு இருந்த ஒரு ஆளுக்கு முன்னாடி பிளாட்பாரத்துல நின்னு கையை நீட்டிக் காட்டினேன்.

மார்கழியில சென்னைக்குப் போயிருந்தப்போ அவளைக் கூப்பிட்டேன். ஒரு சபாவுல மதிய ஸ்லாட், அனுமதி இலவசம், பரதநாட்டியம், பேர் தெரியாத ஒரு பொண்ணு. பார்க்கலாம்டான்னா. அவ பார்க்கலாம்னா வர மாட்டான்னு அர்த்தம். ஆனா வந்தா, பத்து நிமிஷம் லேட்டா, ஆபீஸ் ஐடி கார்டு கழுத்துல தொங்க. அரங்குல நாற்பது பேர் இருந்திருப்போம். கொஞ்ச நேரம் ஃபோனைப் பார்த்துட்டு இருந்தவ, வர்ணம் ஆரம்பிச்சதும் அதை பைக்குள்ள போட்டா. நாற்காலிக்குக் கீழே அவ குதிகால் தட்டறது எனக்குக் கேட்டது. மூணாவது ஜதி முடியறப்போ என் பக்கம் சாஞ்சு மெதுவா சொன்னா:

"முட்டியை நிமிர்த்திட்டா, பார்த்தியா?"

பார்த்தேன்னேன்.